இந்த வருஷம் எங்கள் பெயரைச் சேர்க்காதே

சேவியர் நைனா,

நேற்று நீ அனுப்பிய செய்தியைப் பார்த்தேன். வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் உன் கம்பெனி இன்சூரன்ஸில் அப்பா பெயரையும் என் பெயரையும் மறுபடி சேர்க்க வேண்டும், இந்த வருஷம் புதுசாக என் போனுக்கு ஆறு இலக்க எண் ஒன்று வரும், நீ கூப்பிடும்போது அதைச் சொன்னால் போதும் என்று எழுதியிருந்தாய். கூடவே கம்பெனிக்காரர்கள் அனுப்பிய இங்கிலீஷ் தாளையும் போட்டு, ‘படிக்கத் தேவையில்லம்மா, சும்மா வச்சுக்கோ’ என்று ஒரு வரி. இந்த அறுபத்தாறு வயதில் என்னிடம் படிக்கத் தேவையில்லை என்று சொன்ன முதல் ஆள் நீதான். ஞாயிறு பூசையில் மைக் முன்னால் நின்று வாசகம் வாசிக்கிறவள் நான். கன்னியாஸ்திரிகளிடம் அடி வாங்கி எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தவள். அந்தத் தாளை வரி விடாமல் படித்தேன். புரியாத இடங்களை மருந்துக்கடைப் பெண்ணிடம் காட்டிக் கேட்டுக்கொண்டேன். அதன் பிறகுதான் எழுத உட்கார்ந்தேன்.

போனிலேயே சொல்லலாமே என்பாய். போனில் நீ என்னை எங்கே பேசவிட்டாய்? ‘சரிம்மா, பாத்துக்கறேம்மா, சாப்டியாம்மா’ என்று மூன்றே பேச்சில் என்னைச் சுருட்டி மூலையில் வைத்துவிடுவாய். போனில் சொல்லாததற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது, அதைக் கடைசியில் சொல்கிறேன். மூர்த்தி நாளைக்கு உன் அறைப் பக்கம் வருகிறானாம். அவன் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். மூர்த்தி என்ற பெயரைப் பார்த்ததுமே உனக்குப் பாதி விஷயம் விளங்கியிருக்கும்.

போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து சங்கரா மீன் கழுவிக்கொண்டிருந்தேன். வாசலில் பைக் சத்தம். உன்னோடு பாலிடெக்னிக்கில் படித்தவனைக் கண்டு வருஷமாகிவிட்டதே என்று சந்தோஷமாக எழுந்தேன். தூத்துக்குடியில் சொந்தமாகப் படகு என்ஜின் பட்டறை போடுகிறேன் என்று பத்திரிகையை நீட்டினான். மீன்பிடித் தடை வந்தால்தான் எல்லா விசைப்படகும் கரையில் கட்டிக் கிடக்கும், என்ஜினை இறக்கிப் பிரித்துப் பார்க்க அதுதான் பருவம், அதனால் சித்திரை பிறப்பதற்குள் திறந்துவிட வேண்டும் என்றான். அவனைக் குந்தவைத்து டீ கொடுத்துவிட்டு நான் சும்மா இருந்திருக்கலாம். வாய் சும்மா இருக்குமா? நீ என்னிடம் சொல்லிவைத்ததை நம்பிக் கேட்டுவிட்டேன்.

“எங்க சேவியரையும் கூட சேத்துக்கினு இருக்கலாமே மூர்த்தி. நீ வேற ஆளு பாத்துட்டியாமே.”

அவன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டான். “இன்னா அத்தே சொல்றே? நான் வேற ஆளு பாத்தனா? வருசா வருசம் அவனாண்ட போய்க் கேட்டுக்கினு கீறேன். பாதிப் பங்கு உன்துடான்னு கூட சொல்லிட்டேன்.”

“அதுக்கு அவன் இன்னா சொன்னான்?”

“வுடு அத்தே. அவன் சொல்லலன்னா நான் எதுக்குச் சொல்லணும்.”

“சொல்லு மூர்த்தி.”

“‘இந்த வேலய வுட்டா அப்பா அம்மா இன்சூரன்ஸு போயிடும்டா’ன்றான். அதுக்கு மேல நான் இன்னா பேசறது, சொல்லு.”

உள்ளே அப்பா வலையில் கிழிசல் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குக் காது மந்தம் என்று நாம் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அன்றைக்கு மூர்த்தி போன பிறகு அவர் சாப்பிடவில்லை. சங்கரா குழம்பு அப்படியே ஆறிப்போயிற்று. அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். “மெய்யாலும் நம்மாலயா?”

நைனா, நீ என்ன வேலை பார்க்கிறாய் என்று எனக்கு நன்றாகவே தெரியும். கடல் தாண்டி எங்கேயோ இருக்கிற ஒருவருக்கு பிரிண்டர் ஓடவில்லை என்றால், ஊர் தூங்கும் நேரத்தில் நீ சிறுசேரியில் விழித்திருந்து இங்கிலீஷில் ஆறுதல் சொல்கிறாய். டீசல் என்ஜினின் சத்தத்தை வைத்தே இன்ன இடத்தில் கோளாறு என்று சொல்கிற பிள்ளைக்கு இது என்ன பிழைப்பு என்று நான் பலமுறை நினைத்ததுண்டு. வீட்டுக்கு வரும்போதெல்லாம் கண்ணுக்குக் கீழே கறுத்துப்போய் வருகிறாய். கேட்டால் நல்ல கம்பெனிம்மா, வசதியான கம்பெனிம்மா என்கிறாய். அந்த வசதி நாங்கள்தான் என்று இப்போதுதான் தெரிந்தது.

இதில் எப்படி வந்து மாட்டினோம் என்று நான் யோசித்துக்கொண்டே இருக்கிறேன். உனக்குத் தெரிந்த கதைதான், ஆனாலும் உனக்கு ஒரு குடும்பம் என்று ஆகும்போது உதவும், எழுதிவைக்கிறேன்.

நீ வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம் எங்களுக்கென்று தனியாக ஒரு பாலிசி எடுத்துக் கொடுத்தாய். அந்தப் பிளாஸ்டிக் அட்டையை அப்பா வேளாங்கண்ணி மாதா படத்துக்குப் பின்னால் செருகிவைத்தார். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் ஒன்றுக்கொன்று துணை என்றார். வருஷா வருஷம் சித்திரையில் புதுப்பிக்கச் சொல்லித் தபால் வரும். நாம் பார்த்தது கட்ட வேண்டிய தொகையை மட்டும்தான். உள்ளே என்ன மாறியிருக்கிறது என்று ஒருவரும் பார்த்ததில்லை. அதன் பலன் அப்பாவுக்கு நெஞ்சு அடைத்து ஸ்டென்ட் வைத்தபோது தெரிந்தது. ஆஸ்பத்திரியில் தனி அறையா, இரண்டு பேர் இருக்கும் அறையா என்று கேட்டார்கள். நான் தனி அறை என்றேன். சொகுசுக்காக இல்லை. நம் தெருவில் ஒருவர் படுத்தால் தெருவே கிளம்பி வரும் என்று உனக்குத் தெரியும். ஏலக்கூடத்துப் பெண்கள், படகுக்காரர்கள், ஜெபக்கூட்டத்துக்காரர்கள், ஆப்பிள் பையோடு வருகிறவர்கள், அழுதுகொண்டே வருகிறவர்கள். இத்தனை பேரையும் யாரோ முன்பின் தெரியாத நோயாளியின் கட்டில் ஓரத்தில் நிற்கவைக்க எனக்குக் கூச்சமாக இருந்தது. பார்க்க வருகிறவர்களுக்காக அறை எடுத்த ஒரே பைத்தியம் நானாகத்தான் இருப்பேன்.

வீட்டுக்கு அனுப்பும் நாளில் பில்லைப் பார்த்தால், அறை வாடகைக்கு ஒரு வரம்பு என்று அந்த வருஷத்துத் தாளில் புதுசாகச் சேர்த்திருக்கிறார்கள். வரம்புக்கு மேலே போன வாடகையை மட்டும் நாம் கட்டினால் போதும் என்று நினைத்தோம். இல்லை. பெரிய அறை எடுத்தால் டாக்டர் ஃபீஸ், ஆபரேஷன் செலவு எல்லாவற்றிலும் அதே விகிதத்தில் வெட்டுவார்களாம். விழுந்த துண்டை உன் சேமிப்பிலிருந்துதான் கட்டினாய். ஆட்டோவில் வரும்போது அப்பா, நெஞ்சில் கையை வைத்துக்கொண்டே, “அந்த ஆப்பிளு செம காஸ்ட்லி ஆப்பிளு” என்றார். நீ சிரித்தாய். நான் அன்றைக்குச் சிரிக்கவில்லை. நாளைக்கு உன் மனைவிக்குப் பிரசவம் என்றாலும் சரி, யாருக்கு என்ன என்றாலும் சரி, முதலில் தாளில் அறைக்கு என்ன வரம்பு போட்டிருக்கிறது என்று பார். பார்க்க வருகிறவர்கள் வராந்தாவில் நின்றுகொள்ளட்டும். அதுகூடச் சின்ன விஷயம், பணத்தோடு போயிற்று.

பெரிய விஷயம் அடுத்த சித்திரையில் வந்தது. அப்பாவுக்கு நாட்டின் சட்டம் எல்லாம் ஒன்றுதான், கடல் திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா. தடை இருக்கும் இரண்டு மாதமும் நம் பக்கம் யாரும் யாரிடமும் காசு கேட்பதில்லை. ஐஸ் கம்பெனிக்காரர் கேட்கமாட்டார், மளிகைக்கடை நாடார் கேட்கமாட்டார், உன் பள்ளிக்கூடத்தில் சிஸ்டர்கூட ‘கடல் திறந்ததும் கட்டுங்க’ என்றுதான் சொல்வார்கள். கடல் திறந்து முதல் ஏலம் முடிந்ததும் எல்லோருக்கும் போய்ச் சேர்ந்துவிடும். இதில் எழுத்துமில்லை, கையெழுத்துமில்லை, ஏமாந்தவரும் இல்லை. அப்படியே வளர்ந்த மனுஷன் அவர். புதுப்பிக்கும் நாள் வந்தபோது தடை ஆரம்பித்து ஒரு வாரம் ஆகியிருந்தது. இன்சூரன்ஸிலிருந்து ஒரு பையன் போன் பண்ணினான். அப்பா அவனிடம் எவ்வளவு மரியாதையாகப் பேசினார் தெரியுமா?

“தடைக்காலம் தம்பி. படகெல்லாம் கரைல கட்டிக் கெடக்குது. கடல் தொறக்கட்டும், மொத ஏலத்துக் காசு உனக்குத்தான். நீ ஒண்ணும் கவலப்படாத.”

அந்தப் பையன் சரி ஐயா என்றுதான் சொன்னான். உன்னிடம் கேட்டால் அன்றைக்கே கட்டியிருப்பாய். ஆனால் நீ அப்போதுதான் ஆஸ்பத்திரித் துண்டைக் கட்டி முடித்திருந்தாய், மறுபடி உன் கையை எதிர்பார்க்கக் கூடாது என்று அவருக்கு ரோஷம். நானும் பார்த்தேன், ‘முப்பது நாள் சலுகை’ என்று போனில் செய்தி வந்தது. முப்பது என்று சொன்னால் ஒரு மாதம் முன்னே பின்னே பார்ப்பார்கள், ராயபுரத்தில் ஆபீஸ் வைத்திருக்கிறவர்களுக்குத் தடைக்காலம் தெரியாமலா இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

கடல் திறந்த மூன்றாம் நாள் அப்பா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, காசைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு போனார். நானும் போனேன். கவுன்ட்டரில் இருந்த பெண் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, “பாலிசி போன மாசமே லேப்ஸ் ஆயிடுச்சே ஐயா” என்றாள்.

“அதெப்படிம்மா ஆவும்? நான்தான் தம்பியாண்ட சொல்லிக்கீறேனே.”

“எந்தத் தம்பி?”

“போன்ல பேசுனாரே, நல்ல தம்பி.”

அவள் சிரிக்கவில்லை, அது ஒரு புண்ணியம். அந்தப் பையன் எந்த ஊரில் உட்கார்ந்து பேசினான் என்று அவளுக்கும் தெரியாது என்று பொறுமையாகச் சொன்னாள். புதுசாகத்தான் எடுக்க வேண்டும், ஸ்டென்ட் வைத்தவருக்கு அவர்கள் தருவது கஷ்டம், தந்தாலும் இதயத்துக்கு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும், பழைய வருஷங்கள் எதுவும் கணக்கில் வராது என்றாள். கடலில் எத்தனையோ முறை வலை அறுந்து, கையை வீசிக்கொண்டு வந்திருக்கிறார் உன் அப்பா. அப்போதெல்லாம்கூட அந்த முகம் நான் பார்த்ததில்லை. கைக்குட்டை முடிச்சை அவிழ்க்காமலே திரும்பி வந்தார். தன் வார்த்தை செல்லாத ஒரு இடம் இருக்கிறது என்பதை அவரால் இன்றுவரை ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

அந்தச் சமயத்தில் நீ ராஜினாமாவை எழுதியே வைத்திருந்தாயாமே. மூர்த்தி சொன்னான். அதைக் கிழித்துப் போட்டுவிட்டு, எங்களிடம் வந்து, ‘கம்பெனியிலேயே அப்பா அம்மாவுக்கும் தராங்க, பழைய வியாதி எல்லாத்துக்கும் மொத நாள்லேர்ந்தே உண்டு’ என்று என்னவோ லாட்டரி அடித்த மாதிரி சொன்னாய். நானும் மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றினேன். எதற்கு ஏற்றினேன் என்று தெரிந்திருந்தால் ஏற்றியிருக்க மாட்டேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு மார்ச்சிலும் உன் கம்பெனியிலிருந்து ஒரு தாள் வருகிறது. மேலே அதே பச்சைப் பட்டை, அதே சிரிக்கிற கிழவன் கிழவி படம். உள்ளே மட்டும் மாறிக்கொண்டே இருக்கிறது. முதல் வருஷம் எல்லாமே அவர்கள் செலவு. இரண்டாம் வருஷம் எங்களுக்கான பணத்தை உன் சம்பளத்தில் பிடித்தார்கள். போன வருஷம் பில் எவ்வளவு வந்தாலும் ஐந்தில் ஒரு பங்கு நம் தலையில் என்றார்கள். இந்த வருஷம், நீ படிக்கத் தேவையில்லை என்று சொன்ன தாளில், பெற்றோருக்கு எழுபது வயது ஆனால் தருகிற தொகை பாதி என்று போட்டிருக்கிறது. அப்பாவுக்கு அடுத்த வருஷம் எழுபது. அதற்கும் கீழே, பணம் கட்டாமல் சேர்த்துக்கொள்ளும் ஆஸ்பத்திரிகளின் பெயர்கள். நம் பக்கத்தில் இருந்த இரண்டையும் எடுத்துவிட்டார்கள் நைனா. மிச்சமெல்லாம் அடையாறுக்கு அந்தப் பக்கம், உன் ஆபீஸைச் சுற்றி. வேலைக்காரன் எங்கே உட்கார்ந்திருக்கிறான் என்று பார்த்தவர்கள், அவனைப் பெற்றவர்கள் எங்கே மூச்சு விடுகிறார்கள் என்று பார்க்கவில்லை. எண்ணூர் ரோட்டிலும் துறைமுக வாசலிலும் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கிற நேரத்தில், நெஞ்சு வலிக்கிற ஆளை ஆம்புலன்ஸில் வைத்துக்கொண்டு சிறுசேரிக்கு எப்போது போய்ச் சேர்வது? இந்தத் தாளுக்காகத்தான் நீ அங்கே உட்கார்ந்திருக்கிறாய்.

இனி நான் உனக்குச் சொல்லாமல் செய்த காரியத்தைச் சொல்கிறேன். திட்டுவதானால் திட்டிக்கொள். தை மாதம் நான் அதே கவுன்ட்டருக்குப் போனேன். மூர்த்தி சொல்வதற்கு முன்னாலேயே. உன் கண்ணுக்குக் கீழே இருந்த கறுப்பைப் பார்த்துத்தான் போனேன். அதே பெண், அப்பாவை ஞாபகம் வைத்திருந்தாள். வயதானவர்களுக்கென்றே இப்போது ஒரு பாலிசி இருக்கிறது, டாக்டர் பரிசோதனை பண்ணுவார் என்றாள். அந்த டாக்டர் பையன் அப்பாவிடம், இருமல் எத்தனை நாளாக என்று கேட்டான். “இந்த ரோட்ல லாரி நிக்க ஆரம்பிச்ச நாள்லேர்ந்து தம்பி” என்றார். அதையும் எழுதிக்கொண்டான். ஸ்டென்ட், என் சர்க்கரை, அவர் இருமல், ஒன்று விடாமல் சொன்னோம். போன மாதம் பாலிசி வந்துவிட்டது. பில்லில் நம் பங்கு அதிகம், அறைக்கு வரம்பு உண்டு, தொகையும் பெரிது இல்லை. ஆனால் நம் பெயரில் இருக்கிறது, நம் பக்கத்து ஆஸ்பத்திரிகள் இருக்கின்றன. பணத்துக்கு அப்பா படகில் இருந்த தன் பங்கைக் கூட்டாளியிடமே கொடுத்துவிட்டார். எவ்வளவுக்கு என்று அவரிடம் கேட்காதே. இனிமேல் மாசி மாதமே தபாலை எதிர்பார்த்து, தொகையைப் பார்ப்பதற்கு முன்னால் மாறியதைப் பார்ப்பேன். அது என் வேலை.

ஒரே ஒரு குறை. அப்பா இதயத்துக்கும் என் சர்க்கரைக்கும் ஒரு வருஷம் கழித்துத்தான் அது செல்லும். அடுத்த மாசி வரை அவருக்கு நெஞ்சில் ஏதாவது என்றால் இந்தப் பாலிசி உதவாது. இதைப் படித்ததும் நீ என்ன நினைப்பாய் என்று எனக்குத் தெரியும். ‘அப்ப இன்னும் ஒரே ஒரு வருஷம் நான் இங்கயே இருந்துட்டு, அடுத்த வருஷம் போறேன்.’ நியாயம்தான். புத்தியுள்ள யாரும் அதைத்தான் சொல்வார்கள். மருந்துக்கடைப் பெண் சொன்னாள், கவுன்ட்டர் பெண் சொன்னாள். மூர்த்தி வந்துபோன பிறகு நானும் அப்பாவிடம் அதையே சொன்னேன்.

அவர் வலை ஊசியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார். “ஒரு வருசம்னுவான். அடுத்த வருசம் அந்தத் தாள்ல இன்னொண்ணு மாறும். அத்தப் பாத்துக்கினு இன்னும் ஒரு வருசம்னுவான். மூர்த்தி எத்தினி வருசம் எடத்த வச்சிக்கினு குந்தியிருப்பான்?”

“உங்களுக்கு எதுனா ஆச்சின்னா?”

“ஆனா ஆவுது. பெரியாஸ்பத்திரி இன்னா மூடியா கெடக்குது? நான் ஸ்ராங்கு வேல பாத்தவன். பத்துப் பேரு உசுர வச்சிக்கினு படகு ஓட்டுனவன். எம் புள்ள என் உசுர வச்சிக்கினு அங்க குந்தியிருக்க வேணாம்.”

மறுநாள் என்னைக் கூட்டிக்கொண்டு அரசாங்கப் பெரியாஸ்பத்திரிக்குப் போனார். வரிசையில் நின்று இதயப் பிரிவில் சீட்டு போட்டுக்கொண்டார். கூட்டம்தான், கட்டில் கிடைக்காமல் தரையில் பாய் போட்டுப் படுத்திருக்கிறார்கள். ஆனால் நம் வீட்டிலிருந்து ஒரு லாரியையும் தாண்டாமல் போய்ச் சேரலாம். மாத்திரை அங்கேயே தருகிறார்கள். திரும்பி வரும்போது, பீச் ஸ்டேஷன் வரை நடந்து பார்க்கட்டுமா என்று என்னை வம்புக்கு இழுத்தார். அடுத்த மாசி வரை இந்த மனுஷனை எப்படிக் கட்டிக் காப்பாற்றப்போகிறேன் என்று எனக்குத் தெரியவில்லை. கருவாட்டை நிறுத்திவிட்டேன். அதற்கே வீட்டில் போர் நடக்கிறது.

நைனா, நான் தைரியசாலி போல இதுவரை எழுதிவிட்டேன். அது பொய். ஒவ்வொரு மார்ச்சிலும் உன் கம்பெனித் தாள் வரும்போது எனக்குள் ஒரு நிம்மதி வரும். இன்னும் ஒரு வருஷத்துக்கு இவரை எங்கே வேண்டுமானாலும் தூக்கிக்கொண்டு ஓடலாம் என்று தோன்றும். நீ அங்கே மாட்டிக்கொண்டிருந்தது எனக்கு வசதியாக இருந்தது. நீ வாடிப்போய் வந்ததைப் பார்த்தும், ஏன் என்று ஒரு தடவைக்கு மேல் நான் கேட்கவில்லை. கேட்டால் நீ சொல்லிவிடுவாயோ என்ற பயம். உன் அப்பாவுக்கு உன்மேல் இருக்கிற பாசம் சுத்தமானது. என் பாசத்தில் அவர் நெஞ்சைப் பற்றிய பயமும் கலந்திருக்கிறது. அவர் இருமும்போதெல்லாம் நீ அந்த வேலையிலேயே இருந்தால் என்ன என்று இந்த நிமிஷமும் தோன்றுகிறது. இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ஆனால் நீ போகத்தான் வேண்டும். மூர்த்தி பட்டறையில் ஏழெட்டு வருஷத்துக்கு லாபம் வராமல் போகலாம். நீ நினைத்த மாதிரி அது இல்லாமலும் போகலாம். அப்போது திரும்பி வா, திட்டமாட்டேன். எங்களைக் காரணம் காட்டி நீ போகாமல் இருப்பதை மட்டும்தான் என்னால் தாங்க முடியாது. உனக்கு நாற்பது வயதாகும்போது எங்கள் இரண்டு பேரில் ஒருவரோ, இருவருமோ கல்லறைத் தோட்டத்தில் படுத்திருப்போம். அன்றைக்கு நீ யாருக்காக அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பாய்? அடுத்த மாசி வரை அப்பாவுக்கு ஒன்றும் ஆகாது என்று உனக்கு வாக்குக் கொடுக்க முடியாது. அப்படி ஏதாவது ஆகிவிட்டால், நீ போனதால்தான் ஆயிற்று என்று ஒருநாளும் நினைக்காதே. நாங்கள் இரண்டு பேரும் தெரிந்து, பேசி, சண்டை போட்டு எடுத்த முடிவு இது. அதற்காகத்தான் இதைக் கைப்பட எழுதுகிறேன். நாளைக்கு யார் உன்னைக் குறை சொன்னாலும் இதை எடுத்துக் காட்டு.

போனில் சொல்லாததற்கு அந்த இன்னொரு காரணம். உன் கம்பெனியின் ஆறு இலக்க எண் என் போனுக்குத்தான் வரும். அப்பா போனுக்கு வந்திருந்தால் கவலையே இல்லை, அவர் செத்தாலும் சொல்லமாட்டார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரை நீ என் நம்பருக்குக் கூப்பிடாதே. ஏதாவது பேச வேண்டுமானால் அப்பாவைக் கூப்பிடு, மூர்த்தியிடம் சொல்லியனுப்பு. ‘அம்மா, அந்த நம்பரச் சொல்லும்மா’ என்று உன் குரல் ஒருமுறை என் காதில் விழுந்தால் போதும், இத்தனை பக்கம் எழுதியதையும் மறந்து அந்த ஆறு எண்ணையும் நிறுத்தி நிதானமாக உனக்கு வாசித்துவிடுவேன்.

அம்மா